சம்பந்தியின் பாட்டை நான் பாடிய கதை

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, ஒரு கொத்துக் கருவேப்பிலையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டார். இலை என்றேன். எதற்கு என்றார். சாம்பாருக்கு என்றேன். மறுபேச்சில்லாமல் அதைக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, வடகத்தையும் புளியையும் மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் காலை வைத்ததுமே இப்படி ஆகிவிட்டதே, சகுனம் சரியில்லையோ என்று எனக்குப் பட்டது. நான் வந்த காரியம் அப்படி.

வந்தது பெண் பார்க்க.

என் தம்பி குமரன் கம்ப்யூட்டர் வேலைக்கு விசா வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கடிதம் எழுதினான். மயூமி என்று ஒரு ஜப்பான் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று. அன்றிலிருந்து அப்பா அவன் பேரையே எடுப்பதில்லை. போன் வந்தால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். அம்மாதான் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். "நீ போய்ப் பாத்துட்டு வா. உனக்குச் சரின்னு பட்டா அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கிளம்பும்போது மூன்று விஷயம் பார்த்து வரச் சொன்னாள். பெண் முகம் பார்த்துப் பேசுகிறாளா, சமைக்கத் தெரியுமா, பாடுவாளா. மூன்றாவதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பெண் பார்க்கப் போனால் பாடச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வகையறாவில் எழுதாத சட்டம். நானும் பாடியவள்தான். ஏழு குடும்பத்துக்கு முன்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, பஜ்ஜி சொஜ்ஜி ஆறுவதற்குள் பாடினேன். ஏழாவது வீட்டுக்குப் பிறகு வாயை மூடினவள்தான். பதினாறு வருடமாகக் குளியலறையில்கூடப் பாடியதில்லை. இப்போது முப்பத்தொன்பது வயது, திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள ஆசிரியை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன். உண்டு.

வெளியே குமரனும் மயூமியும் நின்றிருந்தார்கள். அவள் இடுப்பை வளைத்துக் குனிந்தாள், நான் கைகூப்பினேன், அவள் அதைப் பார்த்துவிட்டுக் கைகூப்பினாள், நான் குனிந்தேன். இப்படி இரண்டு மூன்று முறை மாறி மாறி நடந்தது. சின்ன உருவம், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள். முகம் பார்த்துப் பேசுகிறாள். அம்மாவின் பட்டியலில் முதல் விஷயத்துக்கு மனதுக்குள் டிக் போட்டுக்கொண்டேன்.

குமரனின் கார் ஜப்பானில் ஒருவர் ஓட்டிப் பழசாக்கிக் கப்பலில் இங்கே வந்து சேர்ந்தது. ஊரில் பாதிக் கார்கள் அப்படித்தானாம். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜப்பானியத் தாளை யாரும் கிழிக்கவில்லை. ரேடியோ அந்த ஊர் அலைவரிசைகளுக்குச் செய்தது என்பதால் இங்கே இரண்டே நிலையம்தான் பிடித்தது. அதில் ஒன்று குதிரைப் பந்தயம். ஜூலை மாதம், நல்ல குளிர்காலம், மழை வேறு. கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது. மயூமி அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

பாதி வழியில் குமரன் குண்டைத் தூக்கிப் போட்டான். மயூமியின் அப்பா ஓக்காதா புதன்கிழமை வருகிறார். அவரும் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகத்தான் ஏற்பாடு. ஆக, என்னைப் போலவே அவரும் ஓர் ஒற்றர்.

"அவருக்கு இங்கிலீஷ் வராதுக்கா. பேச முடியாதுங்கிறதால சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் கரோக்கே போகணும்னு சொல்லிட்டாரு" என்றான்.

கரோக்கே என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரியும். பாடகரின் குரலை எடுத்துவிட்டு வாத்தியங்களை மட்டும் ஒலிக்க விடும் இயந்திரம். வரிகள் டிவியில் ஓடும். ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, வந்தவர்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்துப் பாட வேண்டும்.

"வந்தவங்க எல்லாருமா?"

"எல்லாரும். பாடாம உக்காந்திருந்தா மரியாதை இல்லக்கா."

பெண் பார்க்க வந்தவளைப் பாடச் சொல்லும் ஊர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

குமரன் இருப்பது கிளென் ஈடனில், ஒரு மரவீட்டில். மரவீடு என்றால் ஏதோ மலைவாசஸ்தலம் போல் நினைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே வெளியைவிடக் குளிர். மூச்சு விட்டால் புகை வந்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை. பாடுவதா, தொண்டை கட்டிவிட்டது என்று சொல்வதா என்று புரண்டுகொண்டே இருந்தேன். பொய் சொல்லலாம். ஆனால் அந்த மனிதர் ஊருக்குப் போய், பையனின் அக்கா ஒரு வார்த்தை பாடவில்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லிவிட்டால்? என் கல்யாணம் நடக்காமல் போனது போதாதா?

செவ்வாய்க்கிழமை காலையில் குமரன் வேலைக்குப் போகும் முன் எனக்குப் பாடம் எடுத்தான். அவனுக்கு இரண்டு வருட கரோக்கே அனுபவம். ஜப்பானில் நான்கைந்து பையன்கள் கிடாரும் டிரம்முமாகச் சேர்ந்து பாடும் இசைக்குழுக்கள்தான் இப்போது பிரசித்தமாம். அவற்றின் பாட்டுகளில் பாடத் தெரியாதவர்களுக்கென்றே மூன்று ரகம் உண்டு என்றான். முதல் ரகம், கத்துவது. தாளம் வேகமாகப் போகும், அறையில் இருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து கூச்சலிடுவதில் நம் குரல் யாருக்கும் கேட்காது. இரண்டாவது ரகத்தில் பல்லவி மட்டும் இங்கிலீஷில் இருக்கும். அந்த இடத்தில் ஓங்கிப் பாடிவிட்டு மற்ற இடத்தில் வாயை அசைத்தால் போதும். மூன்றாவது, மெதுவாகப் போகும் பாட்டு, கடைசியில் எல்லோரும் கையை உயர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். "உனக்கு ரெண்டாவது சரி. நாலு வார்த்தைதான்" என்றான். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள் நான். நான்கு வார்த்தையைப் பாடிவிட்டு மிச்சத்துக்கு வாயசைப்பதா என்று ரோஷம் வந்துவிட்டது.

பஸ் பிடித்து நகரத்துக்குப் போனேன். மயூமி ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு பரிசுக்கடையில் வேலை பார்க்கிறாள். செம்மறியாட்டு ரோமத் தோல், தேன், ஆட்டுக் கொழுப்பில் செய்த முகக் களிம்பு இவைதான் வியாபாரம். சாப்பாட்டு இடைவேளையில் துறைமுகப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டப்பாவைத் திறந்து எனக்குப் பாதி கொடுத்தாள். சோற்று உருண்டை, நடுவில் புளிப்பாக ஒரு பழ ஊறுகாய். நம் நார்த்தங்காய்க்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம். நன்றாகவே இருந்தது. இரண்டாவது டிக். கடல்புறா ஒன்று வந்து என் காலடியில் நின்றுகொண்டு மிரட்டியது.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் நாதஸ்வரக்காரரிடம் யாராவது போய், சம்பந்திக்கு இந்தப் பாட்டு என்றால் உயிர் என்று காதில் சொல்வார்கள். அவர் அதை வாசித்ததும் சம்பந்தியின் முகம் மலர்ந்துவிடும். அதுவரை பந்தியில் இருந்த குறையெல்லாம் மறந்து போகும். ரேடியோவில்கூட நேயர் விருப்பம் என்றுதானே வைத்திருக்கிறார்கள். நானும் அப்படியே செய்துவிட்டால்? விஷயத்தைச் சொல்லாமல், உன் அப்பாவுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்பா இருபது வயதில் கேட்ட ஒரு குழுவின் பாட்டாம், முடியை நீளமாக வளர்த்துக்கொண்ட ஆறு பையன்கள். ஊரிலிருந்து வரும்போது அப்பாவின் ஞாபகமாக அந்த கேசட்டைக் கொண்டுவந்திருக்கிறாள். கடையில் கேட்பதற்கு அங்கேயே வைத்திருந்தாள். நான் கேட்டதும் வாக்மேனோடு எடுத்துக் கொடுத்தாள். வரிகளையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னேன். ஊருக்குக் கொண்டுபோய் ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்வேன் என்று ஒரு புளுகு விட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு சரணம், பல்லவி நான்கு முறை. நாலாவது தடவை கேட்டுவிட்டு நிமிர்ந்தால் பஸ்ஸில் என்னைத் தவிர ஓர் அம்மாள்தான் இருந்தார். நான் கிளென் ஈடனைத் தாண்டி, ஹெண்டர்சனையும் தாண்டி, ரானுயி என்ற இடத்துக்கு வந்திருந்தேன். அந்த அம்மாள் பசிபிக் தீவுக்காரர், நல்ல ஆகிருதி. எந்த ஊர், யார் வீடு, என்ன காரியம் எல்லாவற்றையும் விசாரித்தார். பெண் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் என்னை டெய்ரிக்கு அழைத்துப் போனார். இங்கே டெய்ரி என்றால் பால் பண்ணை இல்லை, தெருமுனைப் பெட்டிக்கடை. அங்கிருந்து குமரனுக்குப் போன் செய்து, அவன் வந்து சேரும் வரை என்னோடு நின்றார். எங்கள் கல்யாணங்களில் எல்லோரும் பாடுவோம், பாடாதவர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை ஓக்காதா வந்தார். ஜப்பானின் வடக்கே, பனி கொட்டும் ஊரில் டவுன் பஸ் டிரைவர். ஐம்பத்து நான்கு வயது, நிமிர்ந்த முதுகு, சட்டைப் பையில் சீப்பு. பனி ஊர்க்காரருக்கு இந்தக் குளிர் பொருட்டே இல்லை, வெளியே வெறும் சட்டையோடு நின்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர்கள் ஊரில் வீட்டுக்குள் கதகதப்பாக இருக்குமாம். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு மகளிடம் ஏதோ சொன்னார். அவள் மொழிபெயர்க்கவில்லை.

காரில் பின்சீட்டில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். குமரன் ஒவ்வொரு வளைவுக்கு வரும்போதும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. நானும் பார்த்தேன், குமரனும் கண்ணாடியில் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் ஓட்டுவது இன்னும் மோசமாகிவிட்டது. வீட்டில் நான் வைத்த சாம்பாரை இரண்டு கிண்ணம் சத்தம் வர உறிஞ்சிக் குடித்தார். பிடித்துவிட்டது என்று மயூமி சொன்னாள். ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. என்னை அவர் அக்கா-சான் என்று கூப்பிட்டார், சான் என்பது அவர்கள் மரியாதைக்குச் சேர்க்கும் சொல். அக்கா என்பதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார். திருத்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன கண்டுபிடிப்பது? எங்கள் ஊரில் பிள்ளை வீட்டார் என்றால் காப்பியைப் பாதியில் வைத்துவிடுவதில் தெரிந்துவிடும். இவர் எல்லாவற்றையும் மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

வியாழனும் வெள்ளியும் பயிற்சி. பக்கத்து வீட்டுச் சிவமலர் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், சண்டைக் காலத்தில் வந்தவர். கணவர் வேலைக்குப் போனதும் கார் கொட்டகை காலியாக இருக்கும், அங்கே வந்து பாடுங்கள் என்று சாவியைக் கொடுத்தார். பதினாறு வருடம் கழித்து வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஏதோ ஒரு ஒலி வந்தது, அது என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. நான் கற்றது கர்நாடக சங்கீதம். பாடுகிறவள் ஒரு வரியை இழுத்தால் வயலினும் மிருதங்கமும் காத்திருக்கும். இந்த கேசட்டில் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று குழைந்தால் அந்த ஆறு பையன்களும் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தார்கள். ஓடி ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒருவழியாகப் பிடித்துவிட்டேன். ஆனாலும் போதாது என்று மறுபடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சிவமலர் அக்கா உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் இப்பிடிப் பயப்பிடுறியள்? அந்தாளும் பிள்ளையைப் பெத்த மனுசன்தானே. கதைக்க ஏலாத இடத்தில பாட்டாவது இருக்கட்டும். பாடிப்போட்டு வாங்கோ" என்றார். இந்த யோசனை சரிதானே என்று கேட்டேன். ஓம், நல்ல விசயம்தானே, ஆருக்கும் தங்கட பாட்டைக் கேட்டாச் சந்தோசம்தான் என்றார். அவருக்கும் ஜப்பான் வழக்கம் எனக்குத் தெரிந்த அளவுதான் தெரியும்.

சனிக்கிழமை. நெடுஞ்சாலையில் பாதித் தூரம் போனதும் காரின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. குமரன் ஓரம் கட்டினான். ஓக்காதா இறங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என்ஜின் மூடியைத் திறந்து பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. கடைசியாக எப்போது பார்த்தாய் என்று மகள் மூலம் கேட்டார். குமரன் தலையைச் சொறிந்தான். ஒரு டிரைவரிடம் அதைவிடப் பெரிய குற்றம் வேறு இருக்க முடியாது என்பது எனக்கே புரிந்தது. ஆறும் வரை மழையில் நின்று, நான் குடிக்கக் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை அவரே ஊற்றினார். இனி இந்தக் கல்யாணம் என் தொண்டையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். நகரத்தின் நடுவே ஒரு கட்டடத்தின் அடித்தளம், வரிசையாக ஜன்னலில்லாத சின்ன அறைகள். டெலிபோன் டைரக்டரி கனத்துக்குப் பாட்டுப் புத்தகம் ஒன்று. ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் எண். எண்ணை அழுத்தினால் பாட்டு வரும். மற்றவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் வெளியே நழுவி, கேசட் உறையைக் காட்டி, கவுண்டரில் இருந்த பெண்ணிடம் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டேன்.

முதலில் மயூமி பாடினாள். இந்த வருடத்துப் பாட்டு, வேகமானது. நன்றாகவே பாடினாள், வாயை மூடிக்கொள்ளவில்லை. மூன்றாவது டிக்கும் விழுந்துவிட்டது. குமரன் கத்தும் ரகத்தில் ஒன்றைப் பாடினான். சுருதிக்கும் அவனுக்கும் ஜென்மப் பகை. ஓக்காதா இருவருக்கும் ஒரே அளவாகக் கை தட்டினார். பிறகு பாட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அதற்குள் நான் முந்திக்கொண்டு எண்ணை அழுத்திவிட்டேன்.

டிவியில் தலைப்பு வந்தது. மயூமி "அக்கா" என்றாள். எனக்கு ஊக்கம் தருகிறாள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் பாட ஆரம்பித்தேன்.

ஜப்பானிய எழுத்து ஓடும் திரையைப் பார்த்துப் பயனில்லை என்பதால் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் சரணத்தில் கொஞ்சம் பின்தங்கி, பல்லவியில் பிடித்துவிட்டேன். இரண்டாவது சரணத்தில் குரல் தானாக வந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் நெஞ்சுக்குள்ளிருந்து அது வருவதை நானே கேட்டேன். சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

யாரும் கை தட்டவில்லை. ஓக்காதா புத்தகத்தை மூடி மேஜையில் வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மயூமியின் முகம் வெளிறிப் போயிருந்தது. அவள் என் பக்கம் நகர்ந்து மெதுவாகச் சொன்னாள். அது அப்பாவின் பாட்டு. பிடித்த பாட்டு மட்டுமில்லை, அவர் பாடும் பாட்டு. டிப்போவில் இருபத்தைந்து வருடமாக எந்த விருந்திலும் வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. மூத்தவருடைய பாட்டை அவருக்கு முன்னால் எடுத்துப் பாடுவது, அவர் உட்காரப் போகும் நாற்காலியை இழுத்துவிடுவது போல. அதோடு அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு பாட்டுதான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருப்பேன். சம்பந்தியைக் குளிர்விக்கப் போய், அவரிடம் இருந்த ஒரே பாட்டையும் பிடுங்கிக்கொண்டேன். எல்லோரும் பாட வேண்டும் என்று சொன்ன மனிதர் இப்போது பாட ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார். குமரன் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மன்னிக்கச் சொல் என்று மயூமியிடம் சொன்னேன். சொன்னாள். அவர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டு, மகளிடம் இரண்டு வார்த்தை பேசினார்.

"கல்யாண விஷயத்தை ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறாராம்" என்றாள் மயூமி.

எனக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். ஜப்பானிய மொழியில் சொன்னாலும் தெரியும். பயம் எங்கே போனதோ, கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழிலேயே குமரனிடம் சொன்னேன்.

"யோசிச்சுச் சொல்றோம்னு ஏழு வீட்டுல சொல்லிட்டுப் போனாங்க. ஒருத்தரும் வந்து சொல்லல. ஒவ்வொரு தடவையும் நம்ம அப்பா மூணு மாசம் தபால்காரரப் பாத்துக்கிட்டு வாசல்ல நிப்பாரு. இவருக்கு வேண்டாம்னா இப்பவே, என் மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லச் சொல்லு. பாட்டுல தப்பு என்னோடது. அதுக்காக இந்தப் புள்ளையக் காக்க வைக்க வேண்டாம்."

"அக்கா, விடுக்கா" என்றான் குமரன்.

"சொல்லுடா."

அவன் அதை இங்கிலீஷில் மயூமிக்குச் சொன்னான். அவள் நடுவில் ஒருமுறை அவனை நிறுத்தி, ஏழா என்று கேட்டுக்கொண்டாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி ஜப்பானிய மொழியில் சொன்னாள். எனக்கு அது நான் சொன்னதைவிட நீளமாகப் பட்டது. பாதியில் அவள் குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. அவ்வளவு நேரமும் நான் மேஜை மேல் இருந்த உருளைக்கிழங்கு வறுவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நீண்ட ஐந்து நிமிடம் இல்லை.

ஓக்காதா கண்ணாடிப் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு பேச ஆரம்பித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, மகள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். தனக்குப் பாட வராது என்றார். டிப்போவில் சேர்ந்த புதிதில் பாடியே ஆக வேண்டும் என்பதற்காக ஒரே ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டார். நண்பர்கள் நல்லவர்கள், அதை இவருக்கென்று விட்டுவிட்டார்கள். அதனால் இத்தனை வருடமாக விருந்துகளில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் இவர் கையில் மைக் இருக்கும், கண் திரையில் இருக்கும், எந்த இடத்தில் தப்பு வருமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். பேச மொழி இல்லாததால் வேறு வழி தெரியாமல் கரோக்கே என்று சொல்லிவிட்டு, இந்தச் சனிக்கிழமையை நினைத்து ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

"இன்றைக்குத்தான் என் எதிரே ஒருவர் பாட, நான் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டேன். இவ்வளவு நல்ல பாட்டு என்று எனக்குத் தெரியாது" என்றார்.

பிறகு எழுந்து, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து முழுதாகக் குனிந்தார். யோசிக்க ஒன்றுமில்லை, தன் பக்கம் சம்மதம், தன் பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நிமிர்ந்தவர் இன்னொன்றும் சொன்னார். அந்தக் காரை மட்டும் கல்யாணத்துக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். குமரன் சரி சரி என்று மூன்று முறை தலையாட்டினான். மயூமி அழுதுகொண்டே மொழிபெயர்த்தாள். நானும் அழுதேன், எதற்கு ஒளிக்க வேண்டும். மிச்சம் இருந்த நேரத்துக்குப் பிள்ளைகள் இருவரும் பாடினார்கள். ஓக்காதா அன்று பாடவே இல்லை. வறுவலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, காலால் தாளம் போட்டபடி நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மாலை ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்து திருச்சிக்குப் போன் போட்டேன். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். அம்மாதான் எடுத்தாள். பாதிப் பிரச்சினைதான் தீர்ந்திருக்கிறது, மீதிப் பாதி கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சரிதான் என்று முதலில் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும், கல்யாண விருந்திலும் வருகிறவர்கள் எல்லோரும் பாட வேண்டும் என்று மயூமி சொன்னது வரை, ஒரே மூச்சில் சொன்னேன். பெண் பாடினாளா என்று அம்மா கேட்டாள். பாடினாள், நானும் பாடினேன் என்றேன்.

அம்மா ரிசீவரைப் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. பிறகு எட்டு மாதமாக இந்த ஊர் போனைத் தொடாத அப்பாவின் மூச்சு கேட்டது.

"நீயாம்மா பாடுன?"

"ஆமாப்பா."

"முழுசாவா?"

"முழுசா பாடுனேன்ப்பா."

அவர் தொண்டையைச் செருமினார். மூன்று நிமிடத்துக்கு மேல் வெளிநாட்டுப் போனில் பேசினால் கத்துகிறவர், ஒன்றும் பேசாமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவரே கேட்டார்.

"கல்யாணத்துக்கு வர்றவங்க எல்லாரும் பாடணுமாமே?"

"ஆமாப்பா, அவங்க வழக்கம் அப்படி."

"எனக்கு ஒரு பாட்டும் முழுசாத் தெரியாதே" என்றார் அப்பா.